பள்ளிக்கூடத்தில் சங்கீதம்: மந்திரமா? மருந்தா? உரிமையா?

சமீப காலமாக நமது நாட்டில் பிள்ளைகளுக்குச் சங்கீதம் கற்பிப்பதைப் பற்றியும், சங்கீதத்தைக் கொண்டு பிள்ளைகளின் வியாதிகளைத் தீர்ப்பதைப் பற்றியும் பேச்சு பலமாய் அடிபட்டு வருகின்றது. சங்கீதம் கற்றால் புத்தி வளரும், கணக்கு தானாய் வரும், பரீட்சையில் மார்க்கு ஏறும் என்பதாக ஒரு கூட்டத்தார் சொல்லுகின்றார்கள். இன்ன ராகத்தைக் கேட்டால் இன்ன வியாதி போகும், பேசாத பிள்ளை பேசும், அடங்காத பிள்ளை அடங்கும் என்பதாக மற்றொரு கூட்டத்தார் சொல்லுகின்றார்கள். மூன்றாவதாக, காலணா விலைக்குக்கூட யோசனை இல்லாமல், "கூலிக்காரன் பிள்ளைக்குச் சங்கீதம் எதற்கு? நாலெழுத்துப் படித்தால் போதாதா?" என்று கேட்கின்ற கூட்டம் ஒன்றும் இருக்கின்றது. இந்த மூன்று பேச்சுகளிலும் உண்மை எவ்வளவு, புரட்டு எவ்வளவு என்பதை நமது வாசகர்கள் தங்கள் புத்தியைக் கொண்டு நிறுத்துப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகின்றோம்.

முதலில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகின்றோம். சுயமரியாதைக்காரர்களுக்குச் சங்கீதம் என்றால் ஆகாது, அவர்கள் ரசனை இல்லாதவர்கள் என்று நம்மைப் பற்றி வெகு காலமாய் ஒரு பழி இருந்து வருகின்றது. இது சுத்தப் பொய். 1930-ம் வருஷம் ஈரோட்டில் சுயமரியாதை மகாநாடு கூடிய சமயத்தில் கூடவே ஒரு சங்கீத மகாநாடும் கூட்டப்பட்டது. நமது ஆக்ஷேபணை எல்லாம் சங்கீதத்தின் பேரில் அல்ல. அதை ஒரு ஜாதியாரின் சொத்தாகவும், கடவுள் பிரசாரத்துக்கு ஏணியாகவும் ஆக்கிக் கொண்டதின் பேரில்தான். வாய்ப்பாட்டுக்காரர் ஜமக்காளத்தில் உட்கார்ந்து பாடுவது, நாதசுரக்காரர் தெருவில் நின்றும் நடந்தும் ஊதுவது, பறை அடிக்கின்றவர் ஊருக்கு வெளியே இருப்பது என்றால், இதில் சுரத்தின் உயர்வு தாழ்வு எங்கே இருக்கின்றது? ஜாதியின் உயர்வு தாழ்வு அல்லவா இருக்கின்றது? செட்டிநாட்டுக் கல்யாண ஊர்வலமொன்றில், வேர்வை துடைக்கத் தோளில் போட்டிருந்த துண்டை எடுக்கும்படி நாதசுர வித்துவானுக்குச் சொல்லப்பட்டதும், எடுக்கக் கூடாது என்று நமது பட்டுக்கோட்டை அழகிரிசாமி அவர் பக்கத்தில் நின்றதும் நமது இயக்கத்தார் மறக்கக் கூடிய காரியமா? ஆகவே சங்கீதம் வேண்டுமா வேண்டாமா என்பதல்ல நமது கேள்வி. அது யாருக்கு, எதற்காக, எப்படிப்பட்டது வேண்டும் என்பதே நமது கேள்வி.

நிற்க, மந்திரக்காரர்களின் கதையை முதலில் பார்ப்போம். தீபக ராகம் பாடினால் விளக்கு எரியும் என்றும், அமிர்தவர்ஷினி பாடினால் மழை பெய்யும் என்றும், முத்துசாமி தீட்சிதர் கிரகத்தின் பேரில் ஒரு கீர்த்தனை பாடிக் கொடுத்து ஒரு சீடருடைய வயிற்றுவலியைத் தீர்த்தார் என்றும் கதைகள் உண்டு. கதையாகவே இருந்திருந்தால் நமக்கு யாதொரு கவலையும் இல்லை. ஆனால் 2019-ம் வருஷம் நமது மாகாணத்தில் மழை பொய்த்தபோது, இந்து சமய அறநிலையத் துறையானது கோவில்களில் யாகம் செய்யும்படியும், நாதசுரம், வயலின், வீணை முதலியவைகளைக் கொண்டு அமிர்தவர்ஷினி, மேகவர்ஷினி போன்ற ராகங்களை வாசிக்கும்படியும் சுற்றறிக்கை அனுப்பிற்று. பலன் என்ன? அந்த ஜூன் மாதத்தில் சென்னைக்குத் தண்ணீர் கொடுக்கும் ஏரிகள் வறண்டு வெடித்துக் கிடந்தன. ஜூலையில் ஜோலார்பேட்டையிலிருந்து ரயில் வண்டியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார்கள். தண்ணீர் கொண்டுவந்தது ராகமா, ரயிலா? மேகத்துக்குக் காது கிடையாது என்பதை ஒரு சர்க்கார் இலாகா ஒப்புக்கொள்ளாதிருக்கும்போது, அதே ராகத்தைப் பிள்ளையின் வலிப்புக்கும் வயிற்றுவலிக்கும் மருந்து என்று ஒருவன் விற்றால் அதை வாங்கப் பாமரன் ஓடுவதில் ஆச்சரியம் என்ன?

இப்படிச் சொல்லுவதால், மூடநம்பிக்கை என்பது நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தம் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். மேல்நாட்டு மூடநம்பிக்கையும் கப்பலேறி வந்துதான் இருக்கின்றது. 1993-ம் வருஷம் அமெரிக்காவில் சில ஆராய்ச்சிக்காரர்கள் 36 காலேஜ் மாணவர்களை வைத்து ஒரு சிறு சோதனை செய்தார்கள். மோசார்ட் என்பவருடைய பியானோ சங்கீதத்தைப் பத்து நிமிஷம் கேட்ட பிறகு, காகிதத்தை மடித்து வெட்டினால் எப்படியிருக்கும் என்பது போன்ற கணக்குகளில் அவர்கள் கொஞ்சம் அதிகமாய் மார்க்கு வாங்கினார்கள். அந்தப் பலனும் பத்துப் பதினைந்து நிமிஷத்தில் போய்விட்டது. சோதனை செய்தவர்கள் சொன்னது இவ்வளவுதான். அதில் குழந்தையும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. ஆனால் வியாபாரிகள் சும்மா இருப்பார்களா? மோசார்ட் கேட்டால் குழந்தை புத்திசாலியாகும் என்று தட்டுகளாகவும் புஸ்தகங்களாகவும் விற்கத் தொடங்கினார்கள். 1998-ல் ஜார்ஜியா மாகாணத்துக் கவர்னரே, பிறக்கின்ற ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு சங்கீதத் தட்டு இனாமாகக் கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்க வேண்டும் என்று சட்டசபையில் கேட்டார். பிறகு மற்றவர்கள் அதே சோதனையைத் திரும்பத் திரும்பச் செய்து பார்த்ததில், சொல்லத்தக்க பலன் ஒன்றும் நிலைக்கவில்லை. நம் ஊரில் கர்ப்பிணியின் வயிற்றுக்குப் பக்கத்தில் சுலோகம் வைத்தால் பிள்ளை மேதையாகும் என்கின்றவனுக்கும், அந்த ஊரில் மோசார்ட் வைத்தால் மேதையாகும் என்கின்றவனுக்கும் என்ன வித்தியாசம்? ஒருவனுக்குக் குடுமி, மற்றவனுக்குக் கழுத்துப் பட்டை, அவ்வளவுதான்.

கேட்பது இருக்கட்டும், கற்றுக்கொண்டால் புத்தி வளராதா என்று கேட்கலாம். இது நியாயமான கேள்வி. 2004-ல் வெளியான கனடா தேசத்து ஆராய்ச்சி ஒன்றில், ஆறு வயதுப் பிள்ளைகள் 144 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரிப்பது போல் நான்கு கூட்டமாகப் பிரித்து, இரண்டு கூட்டத்துக்குச் சங்கீதமும், ஒன்றுக்கு நாடகமும், ஒன்றுக்கு ஒன்றுமில்லாமலும் வைத்துப் பார்த்தார்கள். ஒரு வருஷத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் புத்திக் கணக்கு ஏறிற்று. சங்கீதம் கற்றவர்களுக்குச் சராசரி 7 புள்ளி. மற்றவர்களுக்கு 4 புள்ளியும் சில்லறையும். அதாவது வித்தியாசம் மூன்று புள்ளிக்கும் குறைவு. அதற்குப் பிறகு 2020-ல், இப்படிப்பட்ட ஆராய்ச்சிகள் 54-ஐ ஒன்றாய்ச் சேர்த்து, ஏழாயிரத்துக்குச் சற்றுக் குறைவான பிள்ளைகளின் கணக்கைப் பார்த்ததில், எவ்வளவுக்கெவ்வளவு சோதனை ஒழுங்காய்ச் செய்யப்பட்டிருந்ததோ அவ்வளவுக்கவ்வளவு இந்தப் பலன் குறைந்து, கடைசியில் ஒன்றுமில்லாமலே போகின்றது என்று கண்டார்கள். ஆகவே, "எங்கள் பள்ளியில் சங்கீதம் உண்டு, ஆதலால் பிள்ளைக்குக் கணக்கில் மார்க்கு வரும்" என்று விளம்பரம் செய்து பணம் பிடுங்குகின்றவர்களை நம்ப வேண்டியதில்லை.

அப்படியானால் சங்கீதம் வீண்தானே என்று சிலர் உடனே கிளம்புவார்கள். அப்பனே, பிள்ளை ஓடி விளையாடுகின்றான். விளையாடினால் கணக்கு வருமா என்று கேட்டுக் கொண்டா விளையாட விடுகின்றாய்? கரும்பு தின்னக் கூலி கேட்பது போலல்லவா இருக்கின்றது! பாட்டினால் வரும் லாபம் பாட்டுத்தான். பத்துப் பிள்ளைகள் ஒரே சுருதியில், ஒரே தாளத்தில் நின்று பாடினால், ஒருவன் மற்றவனைக் கவனித்துத்தான் ஆக வேண்டும். மூச்சை அடக்கி விடவும், கூச்சத்தை விட்டு வாயைத் திறக்கவும், தன் முறை வரும் வரையில் காத்திருக்கவும் பிள்ளை பழகுகின்றது. சேரிப் பிள்ளையும் அக்கிரகாரத்துப் பிள்ளையும் ஒரே வரியை ஒன்றாய்ப் பாடும்போது யார் குரல் எந்த ஜாதி என்று எவன் பிரித்துச் சொல்ல முடியும்? இதற்கு மேல் என்ன பலன் வேண்டும்?

இனி வைத்தியத்தைப் பற்றிப் பார்ப்போம். மந்திரத்தைக் கழித்துவிட்டாலும் இதில் மிஞ்சுகின்ற உண்மை ஒன்று இருக்கின்றது. தாலாட்டுக்குப் பிள்ளை அடங்குகின்றது என்பது எந்தச் சாஸ்திரமும் படிக்காத நமது கிராமத்துத் தாய்மார்களுக்குத் தெரிந்த காரியம். மாண்ட்ரியல் சர்வகலாசாலையார் 2015-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு அவைகள் அறியாத பாஷையில் பாட்டும் பேச்சும் வைத்துப் பார்த்தார்கள். பேச்சைக் கேட்ட குழந்தை நாலு நிமிஷத்துக்குச் சற்று மேல் அமைதியாயிருந்தது. பாட்டைக் கேட்ட குழந்தை ஒன்பது நிமிஷம் இருந்தது. ராகத்தின் தெய்வீகமும் இல்லை, பாட்டின் பொருளும் இல்லை. ஒழுங்காய்த் திரும்பத் திரும்ப வருகின்ற தாளமும் ஓசையும் குழந்தையின் கவனத்தைப் பிடித்து வைத்தன என்பதே இதன் விளக்கம். திக்கிப் பேசுகின்றவர்களில் பலர் பாடும்போது திக்குவதில்லை என்பதும் எல்லோரும் கண்ட காரியமே.

இந்த மாதிரி உண்மைகளைக் கொண்டே, இரண்டாவது உலக யுத்தத்தில் அடிபட்டுத் திரும்பிய சிப்பாய்களின் ஆஸ்பத்திரிகளில் சங்கீதக்காரர்கள் வேலை செய்ததை ஒட்டி, அமெரிக்காவில் இது ஒரு படிப்பாகவும் தொழிலாகவும் ஏற்பட்டது. 1959-ல் பால் நார்டாஃப் என்ற சங்கீதக்காரரும் கிளைவ் ராபின்ஸ் என்ற உபாத்தியாயரும் சேர்ந்து, மனவளர்ச்சியில் குறையுள்ள பிள்ளைகளிடம் இந்த வேலையைத் தொடங்கினார்கள். அவர்கள் செய்தது ராகத்தை மாத்திரையைப் போல் ஊட்டுவதல்ல. பிள்ளை ஒரு முரசைத் தட்டும், பெரியவர் பியானோவில் அதற்குப் பதில் வாசிப்பார், பிள்ளை வேகமாய்த் தட்டினால் இவரும் வேகமாய்ப் போவார், நிறுத்தினால் நிறுத்துவார். வாயால் பேச வராத பிள்ளைக்கு, தான் செய்ததற்கு உலகத்திலிருந்து ஒரு பதில் வருகின்றது என்பது இதனால் தெரிய வருகின்றது. மருந்து இருக்கின்றதென்றால் அது ராகத்தில் அல்ல, அந்தப் பதிலில் இருக்கின்றது.

அதுவும் எவ்வளவு தூரம் பலிக்கின்றது? ஆட்டிசம் உள்ள 4 முதல் 7 வயது வரையிலான பிள்ளைகள் 364 பேரை ஒன்பது தேசங்களில் ஐந்து மாத காலம் வைத்துச் செய்த சோதனையின் முடிவு 2017-ல் வெளியாயிற்று. சங்கீத வைத்தியம் பெற்ற பிள்ளைகளுக்கும் பெறாத பிள்ளைகளுக்கும் பிறருடன் கலந்து பழகும் குறையில் சொல்லத்தக்க வித்தியாசம் காணப்படவில்லை. ஆனால் 2022-ல் 26 ஆராய்ச்சிகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள், பிள்ளைகளின் பொதுவான நிலைமையிலும் வாழ்க்கைச் சுகத்திலும் ஓரளவு அபிவிருத்தி இருக்கலாம் என்றும், பேச்சு வருவதற்குத் தெளிவான ஆதாரம் இல்லை என்றும் சொன்னார்கள். இதுதான் யோக்கியமான பேச்சு. செய்தவனே, "இவ்வளவு பலித்தது, இவ்வளவு பலிக்கவில்லை" என்று கணக்குக் காட்டுகின்றான். எந்தக் கோவிலாவது, எந்தச் சாமியாராவது தங்களிடம் வந்து குணமாகாதவர்களின் கணக்கை எப்போதாவது காட்டியதுண்டா?

இதை நாம் இவ்வளவு விரிவாய் எழுதுவதற்குக் காரணம் இருக்கின்றது. பேசாத பிள்ளையைப் பெற்ற தாயின் நிலைமையை நமது ஊர்களில் பாருங்கள். முதலில் மாமியார் வீட்டார் அவள் தலையில் பழியைப் போடுகின்றார்கள். ஜோசியன் போன ஜன்மத்துப் பாவம் என்கின்றான். கோவில்காரன் பரிகாரம் என்கின்றான். கையிலிருந்த நகை போனபின், பட்டணத்தில் ஒருவன் "ராக சிகிச்சை" என்று பலகை மாட்டிக்கொண்டு மிச்சமிருப்பதையும் கேட்கின்றான். இதற்குள் பிள்ளைக்கு நாலைந்து வயது கடந்துவிடுகின்றது. பேச்சுப் பயிற்சியும் தக்க பள்ளிக்கூடமும் கிடைத்திருக்க வேண்டிய காலம் அது. போன பணத்தைச் சம்பாதித்துக் கொள்ளலாம். போன அந்த வருஷங்களை எந்த ராகம் திருப்பிக் கொடுக்கும்? அம்மா, உங்கள் பிள்ளையின் குறைக்கு நீங்களும் காரணமல்ல, போன ஜன்மமும் காரணமல்ல. ஆட்டிசம் என்பது மூளை வளருகின்ற விதத்தைச் சேர்ந்த ஒரு நிலை. 2016-ம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் இதை ஏற்றுக் கொண்டிருக்கின்றது. சட்டம் குறித்த அளவு குறையுள்ள பிள்ளைகளுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உண்டென்றும் அதே சட்டம் சொல்லுகின்றது. யாரிடத்திலும் கையேந்த வேண்டியதில்லை. கேட்டு வாங்க வேண்டியது.

சங்கீத வைத்தியம் என்று யாராவது வந்தால் நாலே கேள்வி கேளுங்கள். நீ எங்கே, எத்தனை வருஷம் இதைப் படித்தாய்? என் பிள்ளைக்கு எதைக் குறியாய் வைத்து இதைச் செய்கின்றாய்? எத்தனை மாதத்தில் எதைக் கொண்டு பலனை அளந்து காட்டுவாய்? டாக்டர் கொடுக்கும் மருந்தையும் பேச்சுப் பயிற்சியையும் நிறுத்தச் சொல்லுகின்றாயா? கடைசிக் கேள்விக்கு "ஆம்" என்றால் அந்த நிமிஷமே எழுந்து வந்துவிடுங்கள். இங்கிலாந்தில் சர்க்கார் ஏற்றுக்கொண்ட பதிவில் பெயரில்லாதவன் சங்கீத வைத்தியன் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்ளவே சட்டம் இடம் கொடுப்பதில்லை. பிள்ளைகளின் பேரில் கவலையுள்ள எந்த நாட்டிலும் இப்படித்தான் இருக்க வேண்டும்.

இனி, சங்கீதம் யாருக்குக் கிடைக்கின்றது என்பதைக் கவனிப்போம். வெனிசுலா என்னும் தேசத்தில் 1975-ல் ஹோசே அந்தோனியோ அப்ரேயு என்பவர் ஏழைப் பிள்ளைகளுக்கு வாத்தியம் கற்பிக்க ஒரு ஏற்பாடு தொடங்கினார். அது தேசமெங்கும் பரவி உலகப் பிரசித்தி பெற்றது. பிற்காலத்தில் 2,914 பிள்ளைகளை வைத்து அதைப் பரிசோதித்தார்கள். பிள்ளைகளுக்குத் தன்னை அடக்கிக்கொள்ளும் குணம் கொஞ்சம் வளர்ந்திருந்தது. புத்திக் கணக்கில் ஏற்றம் காணவில்லை. ஆனால் நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. அந்தப் பிரதேசங்களில் பிள்ளைகளில் நூற்றுக்கு 46 பேருக்கு மேல் ஏழைகளாயிருக்க, இந்த வகுப்புகளுக்கு வந்தவர்களில் நூற்றுக்கு 17 பேர்கூட ஏழைகளாயில்லை. ஏழைக்கென்று தனியாய்க் கட்டிய சத்திரத்திலேயே ஏழைக்கு இடமில்லை என்றால், மனுப்போட்டுத் தேடி வருகின்றவனுக்கு மாத்திரம் என்று வைத்த எந்த நன்மையும் மேலேயுள்ளவனுக்கே போய்ச் சேரும் என்பது விளங்கவில்லையா? ஆகையால் சங்கீதம் எல்லாப் பிள்ளைகளுக்கும் எட்ட வேண்டுமானால், அது எல்லாப் பிள்ளைகளும் இருக்கின்ற பள்ளிக்கூடத்தில், பள்ளி நேரத்தில் நடக்க வேண்டும்.

பணத்துக்கு எங்கே போவது என்பார்கள். ஹங்கேரி தேசத்தைப் பாருங்கள். அங்கே ஸோல்டான் கோடாய் என்ற சங்கீத ஆசிரியர் கிராமம் கிராமமாய்ப் போய்க் குடியானவர்களின் பாட்டுகளைச் சேகரித்தார். வாத்தியம் வாங்கப் பணமில்லாவிட்டாலும் தொண்டை எல்லோருக்கும் உண்டு. ஆதலால் தாய்மொழிப் பாட்டிலிருந்து தொடங்கு என்றார். 1950-ல் கெச்கெமேட் என்ற ஊரில், தினந்தோறும் பாட்டு வகுப்புள்ள ஆரம்பப் பள்ளிக்கூடம் ஏற்பட்டது. அந்த முறை இன்று உலகமெங்கும் வழங்குகின்றது. நம் நாட்டிலோ? நாற்று நடுகின்றவள் பாடுவதும், ஏற்றம் இறைக்கின்றவன் பாடுவதும் சங்கீதமல்ல என்றும், பொருள் தெரியாத தெலுங்கிலும் சமஸ்கிருதத்திலும் பாடுவதே சங்கீதம் என்றும் சொல்லி வந்தார்கள். ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டுத் தமிழிசையின் பழமையை எடுத்துக்காட்டிய பிறகும், தமிழில் பாடு என்று கேட்பதற்கு 1943-ல் சென்னையில் ஒரு சங்கமே ஏற்பட வேண்டியிருந்தது என்றால் இந்த வெட்கத்தை எங்கே சொல்லிக்கொள்வது?

நமது சர்க்கார் ஒன்றும் செய்யவில்லை என்று நாம் சொல்ல வரவில்லை. ஜில்லாக்களில் அரசு இசைப் பள்ளிகள் இருக்கின்றன. அவைகளில் வாய்ப்பாட்டோடு நாதசுரமும் தவிலும் கற்பிக்கப்படுகின்றன. 2022 முதல் சர்க்கார் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்தப்பட்டு, மேடையைப் பார்த்திராத பிள்ளைகள் மேடையேறியிருக்கின்றார்கள். இதை மனதாரப் பாராட்டுகின்றோம். ஆனால் திருவிழா என்பது அறுவடை, உழவு எங்கே? 2012-ல் படம், உடற்பயிற்சி, தையல், சங்கீதம் முதலிய எல்லாவற்றுக்குமாகச் சேர்த்துப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட பகுதிநேர உபாத்தியாயர்களை, வாரத்தில் மூன்று அரை நாளைக்கு, மாதம் 5,000 ரூபாய்க்கு நியமித்தார்கள். அரை நாள் வேலை, கால் வயிற்றுச் சம்பளம் என்று வைத்துவிட்டு, பிள்ளைகளுக்கு முழுச் சங்கீதம் எப்படி வரும்?

கடைசியாக, பள்ளிக்கூடத்தில் சங்கீதம் என்று சொல்லி பஜனையைப் புகுத்துகின்ற காரியத்தையும் சொல்லியாக வேண்டும். பொதுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மத போதனை கூடாதென்றும், உதவி பெறுகின்ற பள்ளியிலும் பெற்றோர் சம்மதமில்லாமல் பிள்ளையை வழிபாட்டில் கலக்கச் செய்யக் கூடாதென்றும் அரசியல் சட்டத்தின் 28-வது பிரிவு சொல்லுகின்றது. பாடுவதற்குக் கடவுளைத் தவிர வேறு விஷயமே உலகத்தில் இல்லையா? மழை இல்லையா, மலை இல்லையா, உழைப்பு இல்லையா, சினேகம் இல்லையா?

ஆதலால் நாம் கேட்பது இவ்வளவே. ஒவ்வொரு ஆரம்பப் பள்ளியிலும் தினம் அரை மணி நேரமாவது எல்லாப் பிள்ளைகளும் தமிழில் சேர்ந்து பாட வேண்டும். இசைப் பள்ளிகளில் தேறி வேலையில்லாமலிருக்கின்ற வாலிபர்களை முழுச் சம்பளத்தில் உபாத்தியாயர்களாய் நியமிக்க வேண்டும். பறையும் தவிலும் வீணையும் ஒரே அறையில், ஒரே பலகையில் வைக்கப்பட வேண்டும். பெண்ணென்றும் ஆணென்றும் ஜாதியென்றும் பாராமல் எந்தப் பிள்ளை எதை எடுத்தாலும் கொடுக்கப்பட வேண்டும். குறையுள்ள பிள்ளைகளும் அதே வகுப்பில் உட்கார வேண்டும். அவர்களுக்கு வைத்தியம் என்று ஏதாவது செய்வதானால் படித்தவரைக் கொண்டு, பலனை அளந்து செய்ய வேண்டும்.

இவைகள் வருகின்ற வரையில் நமது தோழர்கள் சும்மாயிருக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர்ப் பள்ளிக்கூட நிர்வாகக் குழுவுக்குப் போய், எங்கள் பிள்ளைகளுக்குப் பாட்டு வகுப்பு எங்கே என்று கேளுங்கள். உங்கள் வீட்டுப் பாட்டிக்குத் தெரிந்த பாட்டை, நடவுக்காரிக்குத் தெரிந்த பாட்டைப் பள்ளிக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். எவனாவது வந்து ராகத்தால் மழையையும் மார்க்கையும் வரவழைப்பேன் என்றால், ஜோலார்பேட்டை ரயிலை ஞாபகப்படுத்தி அனுப்புங்கள். சங்கீதத்துக்குப் பொய் வேண்டியதில்லை. பிள்ளைகளுக்குத்தான் சங்கீதம் வேண்டும்.